வானம் தெளிந்த இரவுகள்

கோயம்புத்தூரில் குளிர் அலை வீசுவதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும் நாள் அநேகமாக வராது. அத்துறையின் கணக்குப்படி சமவெளி ஊர் ஒன்றில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கவும் வேண்டும். மலைப்பகுதி என்றால் 10-க்குப் பதில் 0. மார்கழி விடியலில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் காதை மூடி மப்ளர் சுற்றி, டீ கிளாசை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி ஊட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு இந்த விதியைப் பற்றிக் கவலையில்லை. நடுங்குவதற்கு அவருக்கு 17 டிகிரியே போதும்.

அவர் ஏறும் பஸ் மலையேறிப் போய்ச் சேரும் இடத்திலும் விதி அதிகம் உதவுவதில்லை. நீலகிரியில் ஒரே இரவில் தேயிலை கருகிப்போகும். உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடக்கும், புல்லின் மேல் வெள்ளை படிந்திருக்கும். அன்றைய காலைச் செய்தியில் ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்றோ 4 டிகிரி என்றோ இருக்கும். தண்ணீர் உறைவதோ 0 டிகிரியில். அப்படியென்றால் புல்லின் மேல் வெள்ளையாகக் கிடந்தது என்ன?

ஜனவரி பிறந்தால் பத்திரிகைகளுக்கு ஒரு தலைப்பு தயாராக இருக்கும்: மினி காஷ்மீர். தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் வெள்ளை விரித்த புல்வெளி, அதில் செல்ஃபி எடுக்கும் குடும்பம் என்று படமும் வரும். படத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைப்புதான் தவறு. காஷ்மீரின் வெள்ளை மேகத்திலிருந்து விழுகிறது. ஊட்டியின் வெள்ளை எங்கிருந்தும் விழவில்லை. அது விழுவதற்கு அன்றிரவு மேலே மேகமே இருந்திருக்காது.

இதை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரவு முழுக்க வெட்டவெளியில் நின்ற ஒரு டாக்ஸி போதும். தலைகுந்தாவில் காலை ஆறு மணிக்கு அதைச் சுற்றி வாருங்கள். கூரையில் பனிக்கட்டித் தோல் படிந்திருக்கும். பானெட்டிலும், சாய்ந்து வானத்தைப் பார்க்கும் முன் கண்ணாடியிலும் அதேதான். டிரைவர் பாட்டில் தண்ணீரை ஊற்றி வைப்பரைத் தட்டிக்கொண்டிருப்பார். ஆனால் செங்குத்தாக நிற்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் ஈரம் மட்டுமே இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. பக்கத்தில் மரத்தடியில் நின்ற வண்டியில் கூரைகூடச் சுத்தமாக இருக்கும். எல்லா வண்டிகளையும் தொட்டது ஒரே காற்றுதான். வானத்தை நேராகப் பார்த்த பரப்புகள் மட்டும் உறைந்திருக்கின்றன. குற்றவாளி யாரென்று இந்த ஒரு வண்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். சூடு என்றதும் அடுப்பை நினைக்க வேண்டாம்; 5 டிகிரியில் இருக்கும் புல்லும் வீசுகிறது. ஒரு சதுர மீட்டர் புல்தரை அந்த வெப்பநிலையில் வினாடிதோறும் இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 340 ஜூல், அதாவது 340 வாட். மேலே இருக்கும் காற்றும் நீராவியும் தம் பங்குக்குக் கீழ்நோக்கிக் கதிர் வீசுகின்றன. மேகமற்ற, உலர்ந்த இரவில் அப்படித் திரும்பி வருவது சுமார் 240 வாட். பாக்கி 100 வாட் விண்வெளிக்குப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் வெப்பமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். தாழ்வான மேகம் கவிந்திருந்தால் போனது ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால்தான் வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி மேகமூட்டம் வந்தால் நீலகிரியில் உறைபனி அன்றிரவே நின்றுபோகிறது. வடகிழக்குப் பருவமழை நீண்ட வருடங்களில் உறைபனி தாமதமாக வருவதற்கும் காரணம் இதுவே.

இந்த நட்டக் கணக்கு கோயம்புத்தூருக்கும் உண்டு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்துக்கு மேலே நீராவி ஏராளம். வளிமண்டல நீராவியில் பாதிக்கும் மேல் முதல் 2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டி அந்த அடுக்குக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கதிரைத் திருப்பி அனுப்ப அங்கே ஆள் குறைவு. உயரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்வதால், கோவைக்கும் ஊட்டிக்கும் இடையே 12 டிகிரி வித்தியாசம் முதலிலேயே வந்துவிடுகிறது. மிச்ச வேலையைத் தெளிந்த வானம் பார்த்துக்கொள்கிறது.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். வானிலைக்காரரின் பார்வையில் அது மிகச் சரியான கூற்று. மார்கழியில் பருவமழையின் மிச்சம் இருக்கும். தையில் வானம் சுத்தமாகிவிடும், காற்றும் உலர்ந்துவிடும். முதலில் குளிர்வது தரைதான், காற்று அதற்குப் பிறகுதான். வெப்பமானியோ தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், கூரையின் பாதுகாப்பில் தொங்குகிறது. அதற்கு வானம் தெரியாது. அது 4 டிகிரி காட்டும்போது கீழே வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல் 0-க்குக் கீழே போயிருக்கலாம். செய்தியில் வரும் எண் பொய்யில்லை. புல் மட்டத்து எண்ணும் கூடவே வந்தால் விவசாயிக்கு உபயோகமாக இருக்கும்.

நவம்பரில் மலையில் முதலில் வருவதை அங்குள்ளவர்கள் நீர்ப்பனி என்பார்கள். அது வெறும் பனித்துளி. புல்லின் மேற்பரப்பு 0-க்குக் கீழே போன பிறகு, காற்றிலிருக்கும் நீராவி இடையில் திரவமாக மாறாமல் நேரடியாகப் படிகமாகப் படிகிறது. அதுதான் உறைபனி. கருகலுக்கு இந்த வெள்ளையே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீராவி படிகமாகும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த மட்டில் அது இலைக்கு நன்மைதான். மிக உலர்ந்த இரவில் வெள்ளை எதுவும் படியாமலே இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்துபோகும். காலையில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும் தோட்டம் இரண்டு நாளில் பழுப்பாக மாறும். இரண்டில் இதுவே கொடியது.

அப்படியானால் நீலகிரியில் உண்மையான பனிப்பொழிவு ஏன் இல்லை? வெண்பனி விழ மேகம் வேண்டும். கூடவே மேகத்திலிருந்து தரை வரைக்கும் உள்ள காற்றும் உறைநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். தென்னிந்தியாவுக்கு மேலே காற்று 0 டிகிரியைத் தொடும் உயரம் குளிர்காலத்திலும் 4 கிலோமீட்டருக்கு மேல்தான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். இடையில் இருக்கும் தூரத்தில் எந்தப் பனிச்செதிலும் உருகி மழையாகிவிடும். மேகம் இருக்கும் இரவில் தரை உறைவதில்லை. தரை உறையும் இரவில் மேகம் இல்லை. எப்போதாவது ஆலங்கட்டி மழை கொட்டி ஊரை வெளுக்க வைப்பதுண்டு. அது கோடை இடிமேகத்தின் விளையாட்டு, வேறு கதை.

குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று கனத்துவிடும். கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தேயிலைத் தோட்டங்களில் இதன் விளைவைக் கோடு போட்டதுபோல் பார்க்கலாம். சதுப்பை ஒட்டிய கீழ்ப்பாத்தி கருகியிருக்கும், முப்பது நாற்பது அடி மேலே இருக்கும் பாத்தி பச்சையாக இருக்கும். நீலகிரிப் படுகர்களின் ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் பள்ளத்தில் இல்லாமல் மேட்டுச் சரிவில் வரிசையாக அமைந்திருப்பதற்குச் சதுப்பு, விளைநிலம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். எப்படியோ, தேங்கும் குளிர்காற்றுக்கு மேலேதான் அவை நிற்கின்றன. காற்று வீசும் இரவுகளில் இந்தக் குளிர்ந்த அடுக்கு நிலைக்காது. மேலே இருக்கும் சற்றே சூடான காற்று கலந்துவிடும். நம் காதைக் கடிக்கும் ஊதக்காற்று தேயிலையைக் காப்பாற்றுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து காற்று வீசும்போதும், அது வீசும் வரை, தரைக்குளிர் பெரிதாகச் சேர்வதில்லை.

இனி, சமாளிப்பதற்கு வருவோம். நீலகிரி சிறு தேயிலை விவசாயிகள் உறைபனிக் காலத்தில் செய்யும் வேலை ஒன்று உண்டு. காட்டோரம் வளரும் தாகை என்னும் பெரணியை அறுத்துவந்து தேயிலைச் செடிகளின் மேல் பரப்பிவைப்பார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்குக் கோத்தகிரியிலிருந்து வரும் மிலார்ச் செடிகளால் குட்டிப் பந்தல் போடுவார்கள். தாகை இலையின் கனம் அதிகமில்லை, இடுக்குகளோ நிறைய. குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகும். ஆனாலும் அது வேலை செய்கிறது, ஏனென்றால் அது தடுப்பது காற்றை அல்ல, வானத்தை. தேயிலை வீசும் கதிர் தாகையில் பட்டுச் சூடாக்க, தாகை அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. விண்வெளிக்கு வெப்பத்தை இழக்கும் வேலையைத் தாகை ஏற்றுக்கொண்டு, தான் உறைந்துபோகிறது. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களும் இதையே செய்கின்றன; மரத்துக்கு நேர்கீழே உள்ள செடிகள் பெரும்பாலும் தப்பிவிடும். மரத்தை வெட்டி விற்ற வருடம் பனி அதிகம் என்று ஒரு விவசாயி சொன்னால், சிரிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய தோட்டத்தைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கும்.

பூங்காவில் விடியற்காலையில் ஸ்பிரிங்ளரில் தண்ணீரும் தெளிக்கிறார்கள். உறைந்த செடிக்குத் தண்ணீரா என்று தோன்றும். நிலத்தடியிலிருந்தும் தொட்டியிலிருந்தும் வரும் தண்ணீர் பனிக்கட்டியைவிடச் சூடானது. தவிர, ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை விட்டுச்செல்கிறது. தொடர்ந்து தெளிக்கும் வரை இலை 0 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். வெயில் ஏறுவதற்குள் பனியைக் கழுவிவிடுவது இன்னொரு நோக்கம். இரவில் உறைந்த இலையின் மேல் திடீரென்று மலை வெயில் விழுந்தால், குளிரில் முடங்கிக் கிடக்கும் ஒளிச்சேர்க்கை அமைப்பால் அவ்வளவு ஒளியைச் செலவிட முடியாமல் திசு பழுதாகிறது. வேரோ குளிர்ந்த மண்ணிலிருந்து தண்ணீரை ஏற்ற முடியாமல் தவிக்கும். ஏமாந்த இலை பத்து மணிக்குள் கருகிவிடும்.

கேரட் இதற்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. குளிர் கூடும்போது தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த சாறு 0-க்குக் கீழேயும் எளிதில் உறையாது. மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும் ஊட்டி கேரட்டின் இனிப்பில் மலைக்குளிருக்கும் பங்கு உண்டு.

சமவெளிப் பயிர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. அவை பாதிக்கப்பட 0 டிகிரி வரை போக வேண்டியதும் இல்லை. சத்தியமங்கலத்தில் பனிக்காலம் வந்தால் மல்லிகை மொட்டு வைப்பது குறைந்துபோகும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் பூ மார்க்கெட்டில் கிலோ விலை ஆயிரங்களில் பேசப்படும். குளிர் தாங்காதவை பயிர்கள் மட்டுமல்ல. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் புதிதாகப் பொரிந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் 33 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். பண்ணைக்காரர்கள் படுதாவை இறக்கிவிட்டு, புரூடர் பல்பின் கீழ் குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றனவா, பரவி நிற்கின்றனவா என்று இரவில் எழுந்து பார்ப்பார்கள். நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் சாட்சி நம்பகமானது.

உறைபனி எப்போதும் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. நீலகிரியின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. மடிப்புகளில் சோலை, வெளியெங்கும் புல். இடையில் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். சோலை மரம் ஏன் புல்வெளிக்குள் இறங்கி வளரவில்லை? 1938-ல் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் உறைபனியைக் கைகாட்டினார்: புல்வெளியில் முளைக்கும் சோலைக் கன்று முதல் பனிக்காலத்தைத் தாண்டுவதில்லை. காட்டை வெட்டியும் எரித்தும் மனிதர் உண்டாக்கியதே இந்தப் புல்வெளி என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 1993-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பின் மக்கிய மண்ணில் இருந்த கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டினார்கள். அடுத்து அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ரங்கநாதனின் பக்கம் வலு சேர்த்தது. சோலைக்குள் மரக்கூரை வானத்தை மறைப்பதால் கன்று பிழைக்கிறது. வெளியே புல்வெளியில் உறைபனி அதைக் கொல்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமோ அந்தப் பனியைத் தாங்கிக்கொண்டு புல்வெளிக்குள் நுழைகிறது. இரவுகள் சூடாகிக்கொண்டே போனால் புல்வெளியின் இந்தக் காவலும் தளரும். வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தான்.

மனித உடலுக்கு வருவோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான பேகன், பழனி மலைப் பகுதியை ஆண்டவன், குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது நாம் பள்ளியில் படித்தது. இயற்பியல்படி போர்வை தேவைப்பட்டது பேகனுக்குத்தான். மயிலின் வண்ணத் தோகைக்கு அடியில் உடலோடு ஒட்டி மென்சிறகுகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்கில் அசையாமல் சிறைபட்ட காற்று இருக்கிறது. அசையாத காற்றைவிட மலிவான வெப்பத்தடை வேறில்லை. தண்ணீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். (இன்று மயில்கள் பயிரை மேய்ந்து தீர்க்கும் எங்கள் பக்கத்து விவசாயியிடம் பேகன் கதையைச் சொன்னால் போர்வை கிடைக்காது, வேறு ஏதாவது கிடைக்கும்.) கம்பளியோ ஜெர்கினோ நம்மைச் சூடாக்குவதில்லை. உடலின் 100 வாட் அவ்வளவு விரைவில் தப்பிப் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. அதனால் தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். உள்ளே திருப்பூர் பனியன், அதன் மேல் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர் என்று அடுக்கினால் இடையிடையே காற்று சேரும். வியர்வையிலோ சாரலிலோ நனைந்த பருத்தியை மட்டும் உடனே மாற்றிவிட வேண்டும். நனைந்த துணியில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது.

நீலகிரியின் தோடர்கள் இதை வீட்டிலேயே செய்திருந்தார்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த வடிவில் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு வேய்ந்த வீடு. தவழ்ந்து நுழையும்படி மூன்றடிக்குள் ஒரு வாசல். உள்ளே வெளி குறைவு, ஆள் அதிகம். புல்வேய்ந்த கூரையின் தடிமனில் காற்று. தோளில் போர்த்தும் பூத்துக்குளி தடித்த பருத்தித் துணி. நாமோ அதே மலையில் கண்ணாடிச் சன்னலும் கான்கிரீட் கூரையும் வைத்த காட்டேஜைக் கட்டிவிட்டு ஹீட்டர் கேட்கிறோம்.

காற்றைச் சிறைப்பிடிக்கும் வேலையை உண்மையான வெண்பனிகூடச் செய்யும். 2016 பிப்ரவரி 3-ம் தேதி, சியாச்சினில் 19,000 அடிக்கு மேல் இருந்த சோனம் காவல்முனை பனிச்சரிவில் புதைந்தது. அங்கே இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனின் பத்துப் பேர் குழு. அந்த ரெஜிமென்டின் பயிற்சி மையம் குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது. பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். பல அடி பனிக்குக் கீழே கூடாரத்துக்குள் சிக்கிய லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பிப்ரவரி 8-ம் தேதி உயிரோடு மீட்கப்பட்டார். கூடாரத்தில் இருந்த காற்றறையும், வெளியே உயிரைக் குடிக்கும் காற்றையும் குளிரையும் தடுத்த பனியும் அத்தனை நாள் அவருக்குக் கெடு கொடுத்தன. 11-ம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். மற்ற ஒன்பது பேரும் முன்பே இறந்திருந்தார்கள்.

நம் குளிர் ஆபத்தாக மாறச் சியாச்சின் அளவு கொடுமை தேவையில்லை. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது சாதாரணக் குளிரிலும் நேரலாம். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயுள்ளவர்கள் மார்கழி அதிகாலை நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. மலைக்கு வரும் இளைஞர்கள் இதத்துக்காக டாஸ்மாக்கை நாடுகிறார்கள். மது அந்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே கொட்டுகிறது. கதகதப்பாக இருப்பதுபோல் தோன்றுவதே உடல் குளிர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

இதைவிடப் பெரிய ஆபத்து கரி அடுப்பு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுதி அறைக்குள், குடிலுக்குள் கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. புகை அடங்கி, கங்கு சிவந்து கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளிவருகிறது. புகை போய்விட்டது என்று அடுப்பை உள்ளே எடுத்துவருவது சரியாக அந்த நேரத்தில். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். படுக்கையில் இருப்பவர் அதைத் தூக்கம் என்றே எடுத்துக்கொள்வார். தோடர் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் புகை புல்கூரையின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். கான்கிரீட்டிலும் ஒட்டிச் சாத்திய கண்ணாடியிலும் அந்த இடுக்கு இல்லை.

ஆகவே ஜனவரியில் மலைக்குப் போகிறவர்கள் முற்றத்திலேயே நெருப்பில் குளிர்காய்ந்துவிட்டு, கங்கு எவ்வளவு நன்றாகச் சிவந்திருந்தாலும் அடுப்பை அங்கேயே விட்டு உள்ளே வாருங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் விடுதிக்காரரிடம் இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள்.